முதல் கேமிங் கணினிக்கு எந்த மதர்போர்டு?

கேள்வி: ஐயா, வணக்கம். என் வயது 20. சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் பெற்றோருடன் வசிக்கிறேன். ஈப்போவில் தொழிற்சாலை வேலைக்குப் போய் 3,500 வெள்ளி சேர்த்திருக்கிறேன். அதைக் கொண்டு ஒரு கேமிங் கணினியை நானே பொருத்த வேண்டும் என்பது ஆசை. வாலரண்ட் அதிகம் விளையாடுவேன். வார இறுதியில் பெரிய விளையாட்டுகளும் உண்டு. 24 அங்குல 1080பி திரை ஏற்கெனவே இருக்கிறது. அண்ணனின் கணினி சென்ற ஆண்டு ஓர் இடிமழையில் செத்துப்போனது. அதிலிருந்து கழற்றிய 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டும், 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றும் என்னிடம் உள்ளன. கடையில் ஐ5-12400எஃப் ப்ராசசரோடு 1,050 வெள்ளி மதிப்புள்ள இசட்790 மதர்போர்டை எடுக்கச் சொல்கிறார்கள். "போர்டு பெரிதாக இருந்தால் பிறகு எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்" என்பது அவர்கள் வாதம். நண்பர்களோ ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்5 வகைப் போர்டு தவிர வேறெதையும் தொடாதே என்கிறார்கள். மதர்போர்டுக்கு எவ்வளவு செலவிடலாம்? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: அன்புத் தம்பிக்கு வணக்கம்.

கடைக்காரர் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். இசட்790 மோசமான சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) அல்ல. ஆனால் அதற்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் பெரும்பகுதி ப்ராசசரை அதன் நிர்ணய வேகத்துக்கு மேல் ஓட்டும் வசதிக்காகப் போகிறது. அந்த வசதியை இன்டெல், எண்ணுக்குப் பின் 'கே' என்ற எழுத்துள்ள ப்ராசசர்களுக்கு மட்டுமே தந்திருக்கிறது. உங்களுக்குக் காட்டிய 12400எஃப் பூட்டப்பட்ட ப்ராசசர். அதை இசட்790-இல் வைத்தாலும் அதைவிட விலை குறைந்த பி760-இல் வைத்தாலும் விளையாட்டில் கிடைக்கும் வேகம் ஏறக்குறைய ஒன்றே. மதர்போர்டு தன்னளவில் ஒரு ஃபிரேமைக்கூட (திரையில் நொடிதோறும் மாறும் படங்களில் ஒன்று) தருவதில்லை. அது செய்ய வேண்டியதெல்லாம் ப்ராசசருக்குத் தடங்கலின்றி மின்சாரம் கொடுப்பதும், கிராபிக்ஸ் கார்டுக்கும் சேமிப்பகத்துக்கும் போதிய பாதை விடுவதும், பல ஆண்டுகள் பழுதின்றி உழைப்பதும்தான். 3,500 வெள்ளியில் 1,050 வெள்ளியை அதற்கே கொடுத்துவிட்டால், உண்மையில் ஃபிரேம்களைத் தரும் கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி கீழே இறங்க நேரும். மதர்போர்டுக்கு ஏறத்தாழ ஐந்நூறு வெள்ளி என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள்.

"பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்ற வாதத்தைக் கடைகளில் அடிக்கடி கேட்கிறேன். எதை, எப்போது, என்ன விலைக்கு மாற்றப் போகிறோம் என்று எதிர்க்கேள்வி கேட்டால் அங்கே பதில் இருப்பதில்லை. இசட்790-இன் சாக்கெட்டான, அதாவது ப்ராசசர் அமரும் இடமான எல்ஜிஏ1700, 2021-இல் 12-ஆம் தலைமுறையோடு வந்து 2023-இன் 14-ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. 2024 அக்டோபரில் இன்டெல் எல்ஜிஏ1851 என்ற வேறு சாக்கெட்டுக்குப் போய்விட்டது. ஆகவே அந்த விலையுயர்ந்த போர்டில் நீங்கள் எதிர்பார்க்கக்கூடிய எதிர்காலம் ஏற்கெனவே கடந்த காலமாகியிருக்கிறது.

இனி உங்கள் கையிலிருக்கும் ரேம். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டின் வெட்டுப்பள்ளமும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றை மற்றொன்றின் துளையில் செருகவே முடியாது. எந்த ரேம் என்பதைத் தீர்மானித்த கணமே பாதி மதர்போர்டுகள் பட்டியலிலிருந்து விலகிவிடும். வழக்கமான காலமாக இருந்தால் 16 ஜிபி பழைய ரேமுக்காக ஒரு கணினியின் வடிவத்தையே மாற்றாதீர்கள் என்று நானே சொல்லியிருப்பேன். ஆனால் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்காக நினைவகச் சில்லுகள் அள்ளிச் செல்லப்படுவதால், 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து ரேம் விலை உலகெங்கும் கிடுகிடுவென ஏறிவிட்டது. இன்றைக்கு உங்கள் மேசை இழுப்பறையில் கிடக்கும் அந்த இரண்டு பட்டைகள், புதிதாக வாங்கினால் உங்கள் பட்ஜெட்டில் கணிசமான ஓட்டையைப் போடக்கூடியவை.

அவை உயிரோடு இருந்தால்தான் இந்தக் கணக்கு. இடியில் செத்த கணினியிலிருந்து வந்த உறுப்பை நம்பி மதர்போர்டு வாங்குவது சரியல்ல. முதலில் சோதித்துப் பாருங்கள். டிடிஆர்4 கணினி வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்கு அவற்றை எடுத்துப் போய், அவருடைய ரேமைக் கழற்றிவிட்டு உங்களுடையதைப் பொருத்தி, மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளை யுஎஸ்பி பென்டிரைவிலிருந்து ஓட விடுங்கள். அதன் இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். முடிய மணிக்கணக்கில் ஆகும் என்பதால் இரவில் ஓடவிட்டுத் தூங்கலாம். சிவப்பு நிறத்தில் ஒரே ஒரு பிழை வரி தோன்றினாலும் அந்த ரேமை ஒதுக்கிவிடுங்கள். ஒட்டுச்சீட்டையும் படியுங்கள்: பிசி4-25600 என்றால் 3200 வேகம், பிசி4-21300 என்றால் 2666 வேகம். இரண்டும் பயன்படும், ஏஎம்டியின் ரைசன் ப்ராசசர்களுக்கு முன்னதே நல்லது.

சோதனையில் ரேம் தேறிவிட்டால் என் பரிந்துரை இது: ஏஎம்டியின் டிடிஆர்4 ஏற்கும் ஏஎம்4 சாக்கெட்டில் பி550 சிப்செட் கொண்ட, மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சற்றுச் சிறிய அளவு மதர்போர்டு, அதில் ரைசன் 5 5600 ப்ராசசர், மீதப் பணத்தில் இயன்ற அளவு நல்ல கிராபிக்ஸ் கார்டு. ரேம் தேறாவிட்டால் உங்கள் நண்பர்கள் சொல்வதே சரி. எப்படியும் புது ரேம் வாங்க வேண்டும் என்றான பின், டிடிஆர்5 வாங்கி ஏஎம்5-இல் நுழைவதுதான் புத்திசாலித்தனம். 2022 செப்டம்பரில் வந்த அந்தச் சாக்கெட்டை 2027 வரையும் அதற்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவித்திருப்பதால், அங்கே மட்டும்தான் "பிறகு மாற்றலாம்" என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் உண்டு. ஏஎம்4-இல் அது இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. நான்கைந்து ஆண்டுகள் கழித்து நீங்கள் மேலே போக நினைக்கும்போது மதர்போர்டு, ப்ராசசர், ரேம் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, எஸ்எஸ்டி, பெட்டி எல்லாம் கூடவே வரும். இன்று மிச்சமாகும் பணம் இன்றே கிராபிக்ஸ் கார்டில் வேலை செய்யும்.

பி550 என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதே சாக்கெட்டில் ஏ520, பி450 போர்டுகள் இன்னும் மலிவாகக் கிடைக்கும். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்று எடுத்து நீட்டவும் கூடும். அவை இரண்டிலும் கிராபிக்ஸ் கார்டின் துளை பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டும் ப்ராசசரும் தரவு பரிமாறும் பாதை) 3.0, பி550-இல் 4.0. அந்தப் பாதையின் பதினாறு தடங்களையும் பயன்படுத்தும் கார்டுகளில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. உங்கள் பட்ஜெட்டில் அகப்படும் கார்டுகளோ வேறு ரகம். ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060 ஆகியவை துளையின் முழு நீளத்துக்கு இருந்தாலும் உள்ளே எட்டுத் தடங்களைத்தான் பயன்படுத்துகின்றன. எட்டுத் தடம் 4.0-இல் நொடிக்குச் சுமார் 16 ஜிபி போகும், 3.0-இல் அதில் பாதி. கார்டின் 8 ஜிபி நினைவகத்துக்குள் அடங்கும் வாலரண்டில் இதை நீங்கள் உணரவே மாட்டீர்கள். வார இறுதியில் விளையாடும் பெரிய விளையாட்டுகள் அந்த 8 ஜிபியை நிரப்பிவிட்டு, மிச்சத்தைக் கணினியின் ரேமிலிருந்து இழுக்கத் தொடங்கும்போதுதான் குறுகிய பாதை திக்கித் திணறும்.

இதே இடத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ரைசன் 5 5600-க்குப் பதிலாக ரைசன் 5 5500-ஐ "நூறு வெள்ளி குறைவு, அதே ஆறு கோர்" என்று கொடுப்பார்கள். பெயரில் நூறுதான் குறைவு. உள்ளே இருக்கும் சில்லு வேறு. 5500-இன் எல்3 கேஷ் (ப்ராசசருக்குள் இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பி, 5600-இல் 32 எம்பி. அதைவிட முக்கியம், 5500 பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வரைதான் பேசும் என்பதால் பி550 போர்டுக்கு நீங்கள் கொடுத்த கூடுதல் விலை வீணாகிவிடும். 5600ஜி-யும் இப்படித்தான். எனவே பணம் கொடுக்குமுன் பெட்டியின் பக்கவாட்டுச் சாளரத்தின் வழியே தெரியும் உலோக மூடியில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். (இன்டெலும் ஏஎம்டியும் 1972-இல் பினாங்கில் ஆலை தொடங்கியவை. இப்படி மூடிகளைப் படித்துக்கொண்டு போனால் பல சில்லுகளில் மலேசியா என்ற பெயரையும் காண்பீர்கள்.)

மதர்போர்டின் தரத்தை எதைக் கொண்டு எடைபோடுவது என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது ப்ராசசர் சாக்கெட்டைச் சுற்றியிருக்கும் மின் ஒழுங்குபடுத்தும் பகுதியை. விஆர்எம் என்பார்கள். பவர் சப்ளை 12 வோல்ட்டில் அனுப்புகிறது. ப்ராசசருக்கு வேண்டியதோ ஒன்றேகால் வோல்ட்டைச் சுற்றிய அளவு. அந்த இறக்கத்தைச் செய்வது சாக்கெட்டின் இடப்பக்கமும் மேற்பக்கமும் வரிசையாக நிற்கும் சாம்பல் நிறக் கட்டிகளான சோக்குகளும், அவற்றை ஒட்டிய கறுப்புச் சதுரங்களான மாஸ்ஃபெட்டுகளும். 5600-இன் மின்வரம்பு 76 வாட். ஒன்றேகால் வோல்ட்டில் 76 வாட் என்றால் அந்தச் சிறிய சதுரங்கள் வழியே ஏறத்தாழ 60 ஆம்பியர் ஓட வேண்டும். அவை சூடாவது இயல்பு. அளவுக்கு மீறிச் சூடானால் போர்டு தன்னைக் காத்துக்கொள்ள ப்ராசசரின் வேகத்தை இறக்கிவிடும்; விளையாட்டு நடுவில் காரணம் தெரியாமல் தடுமாறும் கணினிகளில் சிலவற்றுக்கு இதுதான் நோய்.

ஆகவே படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மாஸ்ஃபெட்டுகளின் மேல் திருகால் பிடிக்கப்பட்ட அலுமினிய வெப்பத்தகடு இருக்கிறதா, இடப்பக்க வரிசைக்காவது இருக்கிறதா என்று கவனியுங்கள். குளிரூட்டி ஓடும் அறையில் 5600-ஐத் தகடில்லாத மலிவுப் போர்டும் தாங்கிவிடும். தகரக் கூரைக்கு அடியில் பிற்பகல் மூன்று மணிக்கு அறையே 33, 34 டிகிரியில் இருக்கும் வீட்டில், அதே போர்டு எல்லா வெப்பத்தையும் அங்கிருந்து மேலே தொடங்குகிறது. இணையத்தில் பார்க்கும் பரிசோதனைகள் பலவும் 20, 25 டிகிரி அறைகளில் செய்யப்பட்டவை என்பதை மனத்தில் கொண்டு, நமக்கென ஒரு படி கூட்டிப் பார்க்க வேண்டும். பெட்டியில் "10+2 ஃபேஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரே கட்டுப்பாட்டு வழியில் உறுப்புகளை இரட்டித்துவிட்டு எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும் வழக்கம் இந்தத் துறையில் உண்டு.

சேமிப்பகத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. விண்டோஸுக்கும் விளையாட்டுகளுக்கும் ஓர் என்விஎம்இ எஸ்எஸ்டி (போர்டிலேயே பொருத்தும் வேகமான சேமிப்பகம்) வாங்கி, ப்ராசசருக்கு அருகிலிருக்கும் எம்.2 துளையில் போடுங்கள், பி550-இல் 4.0 வேகம் அந்தத் துளைக்குத்தான். பல போர்டுகளில் இரண்டாவது எம்.2 துளையை நிரப்பினால் ஹார்ட் டிஸ்க் மாட்டும் சாட்டா துளைகளில் இரண்டு செயலிழந்துவிடும். அண்ணனின் ஹார்ட் டிஸ்க்கை எந்தத் துளையில் மாட்டலாம் என்பது கையேட்டில் ஒரு சிறு அட்டவணையில் இருக்கும்.

அடுத்தது, முதன்முறை பொருத்துபவர் என்பதால் உங்களுக்கென்று நான் வலியுறுத்துவது. பி550 போர்டுகள் 2020 ஜூனில் சந்தைக்கு வந்தன. ரைசன் 5 5600 வந்தது 2022 ஏப்ரலில். இடைப்பட்ட காலத்தில் தயாராகி, கிடங்கில் தூங்கிய போர்டு உங்கள் கைக்கு வந்தால், அதன் பயாஸுக்கு, அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் உள்நிரலுக்கு, அந்தப் ப்ராசசரை அடையாளம் தெரியாமல் போகலாம். விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். அனுபவசாலி வேறொரு பழைய ப்ராசசரைப் போட்டுப் பயாஸைப் புதுப்பித்துவிடுவார். தோட்டத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களிடம் இன்னொரு ப்ராசசர் ஏது? அதனால், ப்ராசசரே இல்லாமல் பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் பின்புறத்தில் உள்ள போர்டாகத் தேர்ந்தெடுங்கள். ஆசுஸ் இதைப் பயாஸ் ஃபிளாஷ்பேக் என்றும், எம்எஸ்ஐ ஃபிளாஷ் பயாஸ் என்றும், கிகாபைட் க்யூ-ஃபிளாஷ் பிளஸ் என்றும் அழைக்கின்றன. நிறுவனத்தின் தளத்திலிருந்து கோப்பை இறக்கி, ஃபேட்32 வடிவத்தில் துடைத்த பென்டிரைவில் கையேடு சொல்லும் பெயரோடு வைத்து, குறியிட்ட யுஎஸ்பி துளையில் செருகிப் பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு விளக்கு மினுக்கத் தொடங்கும். அது நிற்கும்வரை எதையும் தொடக்கூடாது.

இதற்குத் துணையாக, தொடக்கத்தில் எங்கே சிக்கியிருக்கிறது என்பதைக் காட்டும் நான்கு சிறு விளக்குகள் இருந்தால் இன்னும் நல்லது. போர்டின் ஓரத்தில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று அச்சிட்டிருக்கும். டிரேம் விளக்கு அணையாமல் நின்றால் ரேமைக் கழற்றி மாட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். விளக்கு இல்லாத போர்டில் அதே கோளாறைக் கண்டுபிடிக்க ஈப்போவுக்கு வண்டியேற வேண்டியிருக்கும். நிறம் மாறி மினுமினுக்கும் ஆர்ஜிபி விளக்குகளுக்குக் கொடுக்கும் ஐம்பது வெள்ளியை இந்த நான்கு விளக்குகளுக்குக் கொடுங்கள்.

பயாஸ் என்று வந்ததால் வாலரண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால் நீங்கள் விண்டோஸ் 11-தான் போடப் போகிறீர்கள். விண்டோஸ் 11-இல் அந்த விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வேன்கார்ட், டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரு பாதுகாப்பு அம்சங்களும் இயங்கினால்தான் உள்ளே விடும். இல்லையென்றால் வேன் 9001 என்ற பிழையைக் காட்டி வாசலிலேயே நிறுத்திவிடும். பி550 போர்டுகளில் டிபிஎம்முக்குத் தனி உறுப்பு வாங்க வேண்டாம். பயாஸில் ஏஎம்டி எஃப்டிபிஎம் என்பதை இயக்கினால் போதும். விண்டோஸ் நிறுவுமுன்பே சிஎஸ்எம் என்ற பழைய முறையை அணைத்துவிடுங்கள்; பிறகு அணைத்தால் நிறுவியதை மறுபடி நிறுவ நேரலாம். எஃப்டிபிஎம்மால் அவ்வப்போது கணினி ஒரு கணம் உறைந்துபோகும் குறை இருந்ததை ஏஎம்டி ஒப்புக்கொண்டு 2022-இல் புதிய பயாஸ் நிரலின் மூலம் சரிசெய்தது. அதற்காகவும் பயாஸைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது. அதே திரையில் எக்ஸ்எம்பி என்பதையும் இயக்குங்கள். இயக்காவிட்டால், 3200 ரேம் பட்டைகள் பலவும் 2133 அல்லது 2400 வேகத்தில் சோம்பிக் கிடக்கும்; மாதக்கணக்கில் இப்படி ஓடிய கணினிகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

வைஃபை வேண்டுமா என்பது உங்கள் வீட்டில் ரௌட்டர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கேபிள் இழுக்க முடியுமானால் வைஃபை இல்லாத போர்டை எடுத்து, கேட்6 கேபிளை இழுத்துவிடுங்கள். வாலரண்ட் போன்ற விளையாட்டில் கேபிளின் நிலையான பிங்குக்கு (தரவு சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) வைஃபை ஈடாகாது. ஆனால் அந்தக் கேபிளே இடியின் பாதையாகவும் ஆகலாம். உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளுள் நம் நாடும் ஒன்று. பேராக்கில் பிற்பகல் மழை எப்படி இறங்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்பதால் ஃபைபர் இணைப்பு பாதுகாப்பானது என்று பலரும் நினைக்கிறார்கள். இழை வரையில் அது உண்மை. அந்த இழை வந்து சேரும் ரௌட்டர் சுவரிலுள்ள மின்துளையில் செருகப்பட்டிருக்கிறது. அங்கே நுழையும் மின்பாய்ச்சல் செப்புக் கேபிள் வழியே நேராக மதர்போர்டின் லேன் துளைக்கு வந்துவிடும். இடிமழைக்குப் பிறகு பழுதுபார்க்க வரும் போர்டுகளில், மற்றதெல்லாம் வேலை செய்து லேன் மட்டும் செத்திருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன்.

போர்டுகளில் லேன் பாதுகாப்பு என்று விளம்பரம் செய்யும் சிறு உறுப்புகள் சின்னப் பாய்ச்சலைத் தடுக்கும். பக்கத்தில் விழும் இடியை எந்த மதர்போர்டும் தடுக்காது. வானம் இருட்டினால் மின்செருகியையும் லேன் கேபிளையும் இரண்டையுமே கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றுவது அரை வேலை. நல்ல சர்ஜ் ப்ரொடெக்டர் ஒன்று வாங்குங்கள், ஆனால் அது பாய்ச்சலைத் திருப்பிவிடுவது எர்த் கம்பிக்குள்தான் என்பதால், எர்த் சரியில்லாத வீட்டில் அதற்குப் பாதி வேலையும் நடக்காது. தோட்டத்துப் பழைய வீடுகளில் மூன்று துளை உள்ள சுவர்ப்பெட்டியின் பின்னால் எர்த் கம்பி துருப்பிடித்தோ அறுந்தோ இருப்பது புதிதல்ல. அண்ணனின் கணினியை இடி கொண்டுபோன அதே சுவரில் புதுக் கணினியைச் செருகுமுன், பதிவுபெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்து எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நான் பரிந்துரைக்கும் செலவுகளில் இதைத்தான் கடைசிவரை வெட்டாதீர்கள் என்பேன்.

எங்கே வாங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் தெரிவு அதிகம். இணையக் கடைகளில் விலை குறையலாம். ஈப்போவில் வாங்கினால் கோளாறு கண்ட மறுநாளே போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நிற்கலாம். முதல் கணினிக்கு நான் ஈப்போவையே தேர்வேன், விலை வித்தியாசம் முப்பது நாற்பது வெள்ளிக்குள் இருக்கும்வரை. உள்ளூர் விநியோகிப்பாளரின் உத்தரவாதச் சீட்டு பெட்டியில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவை வெளிநாட்டிலிருந்து தனியாகத் தருவிக்கப்பட்டவையாக இருக்கலாம், அவற்றுக்கு இங்கே உத்தரவாதம் கேட்பது பெரும்பாடு. எக்ஸ்99 என்ற பெயரில் ஸியோன் ப்ராசசரும் ரேமும் சேர்த்து மலிவாக விற்கும் தொகுப்புகளும் உங்கள் கண்ணில் படும். பெயர் தெரியாத ஆலைகளில் பழைய உறுப்புகளைக் கொண்டு செய்த போர்டுகள் அவை. அவற்றில் அமரும் ப்ராசசர்கள் 2014, 2016 காலத்துச் சர்வர் சில்லுகள். விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் அவை இல்லை. வாலரண்டுக்காகக் கணினி பொருத்தும் ஒருவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

பொருத்தும் நாளில், எல்லாவற்றையும் பெட்டிக்குள் திருகுவதற்கு முன் மதர்போர்டை அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, ப்ராசசர், கூலர், ரேம், கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை மட்டும் மாட்டி ஒருமுறை இயக்கிப் பாருங்கள். ஏஎம்4 ப்ராசசரின் அடியில் 1,331 மெல்லிய ஊசிகள் இருக்கின்றன. மூலையிலுள்ள பொன்னிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் அது தன் எடையிலேயே இறங்கி உட்காரும். விரலால் அழுத்த வேண்டியிருந்தால் திசை தவறு, உடனே எடுத்துவிடுங்கள். இரண்டு ரேம் பட்டைகளையும் ப்ராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது துளைகளில் போடுங்கள். 24 ஊசி மின்கேபிளோடு நின்றுவிடாமல், போர்டின் மேல் மூலையில் ப்ராசசருக்கென்று இருக்கும் 8 ஊசி கேபிளையும் மாட்டுங்கள். 5600-க்குள் கிராபிக்ஸ் இல்லை. மதர்போர்டின் பின்புற எச்டிஎம்ஐ துளையில் திரையைச் செருகினால் எதுவும் தெரியாது, கார்டின் துளையில்தான் செருக வேண்டும். பின்னாளில் கூலரைக் கழற்ற நேர்ந்தால் கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பசை இளகிய பின் அணைத்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். நேராக மேலே இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்தே ப்ராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசிகள் வளையும்.

ரேம் தேறாமல் ஏஎம்5 வாங்க நேர்ந்தால் நிலைமை தலைகீழ்: ஊசிகள் போர்டின் சாக்கெட்டில் இருக்கும். அதன் மேல் வரும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியை எறிந்துவிடாதீர்கள், உத்தரவாதத்துக்கு அனுப்பும்போது அது சாக்கெட்டின் மேல் இருக்க வேண்டும். முதல்முறை இயக்கும்போது டிடிஆர்5 ரேமைப் பழக்கப்படுத்திக்கொள்ளப் போர்டு சில நிமிடங்கள் எடுக்கும். திரை கறுப்பாக இருக்கிறதே என்று பதறிப்போய் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டாம். சிப்செட்டில் பி650 போதும்.

கடைகளில் பி550 இருப்பு குறைந்து வருவதால், நீங்கள் போகும் நாளில் ஒருவேளை கிடைக்காமல் போகலாம். அப்படியானால் கடைக்காரர் காட்டிய அதே ஐ5-12400எஃப்-ஐ எடுத்துக்கொண்டு, இசட்790-க்குப் பதில் டிடிஆர்4 ஏற்கும் பி760 போர்டைக் கேளுங்கள். விளையாட்டில் அது 5600-க்குச் சளைத்ததல்ல. எச்610 வேண்டாம், அதில் ரேமுக்கு இரண்டே துளைகள், ரேமை இன்டெல் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டவும் முடியாது. பி760 போர்டுகள் ஒரே பெயரில் டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் தனித்தனியாக வருகின்றன. பெயரின் கடைசியில் டி4 அல்லது டிடிஆர்4 என்று இருக்கிறதா என்பதைக் கடையிலேயே, பெட்டியின் முத்திரையை உடைக்குமுன் பார்த்துவிடுங்கள்.